கைபேசிக்குள் கங்காணி வேண்டாம்

ஷிப்டு முடிந்து, கைகால் கழுவி, பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் மில் தொழிலாளி தன் கைபேசியை எடுத்துப் பார்க்கிறார். வீட்டிலிருந்து மனைவி அனுப்பிய செய்தி இருக்கிறது. ஊரிலிருந்து தம்பி அனுப்பிய படம் இருக்கிறது. அவற்றுக்கு நடுவில் புதிதாக ஒன்று வந்து நிற்கிறது. ஸ்பின்னிங் மாஸ்டரின் பேஸ்புக் நட்பு அழைப்பு!

ஏற்பதா? ஏற்றால், அவர் பார்க்க வேண்டாததையெல்லாம் பார்ப்பாரே. மறுப்பதா? மறுத்தால், நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பதில் சொல்லாமல் விட்டுவிடுவதா? "அழைப்பு அனுப்பினேனே, பார்க்கவில்லையா தம்பி?" என்று ரிங் பிரேமுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டால் என்ன சொல்வது?

இது அற்ப விஷயம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். கூலி, போனஸ், வேலைப்பளு, ஆட்குறைப்பு என்று தலைக்கு மேல் பிரச்னைகள் இருக்கும்போது, கைபேசியில் யாருக்கு யார் நண்பர் என்பதற்கு ஒரு தலையங்கமா என்று கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். மில் வாசலில் தொழிலாளர்களோடு பேசிய பிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டோம். கூலிப் பேச்சுக்கும், சங்கத்தின் பலத்துக்கும், இந்த நட்பு அழைப்புக்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மானேஜரோ மேற்பார்வையாளரோ தமக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தம் சொந்தக் கணக்கிலிருந்து நட்பு அழைப்பு அனுப்பக் கூடாது. தொழிலாளியே அனுப்பினாலும் மரியாதையாக மறுத்துவிட வேண்டும். வேலைச் செய்திக்கு வேலைக்கான வழி தனியாக இருக்க வேண்டும். மானேஜர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. நட்பு என்பது சமமானவர்களுக்கு இடையில்தான் நிற்கும் என்பதால் சொல்கிறோம்.

ஒரு பதிலியின் அனுபவம்

நூற்பு மில் ஒன்றில் பதிலியாக வேலை பார்த்த தொழிலாளி ஒருவர் சொன்னதை இங்கே தருகிறோம். அவர் பெயரும் வேண்டாம், மில்லின் பெயரும் வேண்டாம். இப்படிப்பட்டது எந்த மில்லிலும் நடக்கக் கூடியது.

அவருடைய மாஸ்டர் நல்ல மனிதர். வாயில் கெட்ட வார்த்தை வராது. ஒருநாள் அவரிடமிருந்து நட்பு அழைப்பு வந்தது. நம் தொழிலாளிக்குச் சந்தோஷம். உடனே ஏற்றார். மகளின் பிறந்த நாள் படத்தைப் போட்டபோது மாஸ்டர் லைக் போட்டார். "உன் ஜாடைதானப்பா" என்று ஒரு வரியும் எழுதினார். அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் காட்டினார் நம் தொழிலாளி. லீவு வேண்டுமென்றாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினால் போதும், கிடைத்தது. மாதத்தில் இருபத்துநாலு, இருபத்தைந்து நாள் வேலையும் கிடைத்தது.

தீபாவளி வந்தது. போனஸ் பேச்சு முறிந்தது. சங்கம் வாயிற் கூட்டம் போட்டது. கூட்டப் படத்தை ஒரு தோழர் பேஸ்புக்கில் போட்டார். நம் தொழிலாளி அதற்கு ஒரு லைக் போட்டார். கூட்டத்தில் பேசவில்லை, கொடி பிடிக்கவில்லை, ஒரே ஒரு லைக். அதன் கீழே அவருடைய மைத்துனர், "இருபது சதம் வாங்காமல் விடாதீங்க மாப்பிள்ளை" என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் கேட்டுக்குப் போனபோது, "இன்றைக்கு ஆள் போதும்" என்றார்கள். மறுநாளும் ஆள் போதும். அந்த மாதம் அவருக்குக் கிடைத்தது ஒன்பது நாள் வேலை.

நிரந்தரத் தொழிலாளி என்றால் மெமோ கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும். விசாரணை நடத்த வேண்டும். சங்கம் உள்ளே வந்து வாதாடும். பதிலிக்கு இது எதுவும் கிடையாது. "ஆள் போதும்" என்ற இரண்டு வார்த்தை போதும். லைக் போட்டதற்காகத்தான் வேலை மறுக்கப்பட்டது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

மாஸ்டர் காட்டிக்கொடுத்தாரா? "அப்படி நினைக்க எனக்கு மனசு வரவில்லை தோழர்" என்கிறார் அவர். நாமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நிர்வாகக் கூட்டத்தில் மேலதிகாரி அந்த மாஸ்டரைப் பார்த்து, "உங்கள் பிரிவில் சங்கத்தின் பக்கம் சாய்கிறவர்கள் யார் யார்?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? தெரியாது என்று சொன்னால், "உங்கள் கைபேசியில் இருக்கிறார்களே!" என்பார்கள். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். அவருக்கும் வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் உண்டு. தெரியாததைச் சொல்லும்படி ஒருவரை நிர்ப்பந்திக்க முடியாது. தெரிந்ததை மறைத்து வேலையை இழப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆகையால், தெரியாமல் இருப்பதே மாஸ்டருக்கும் பாதுகாப்பு, தொழிலாளிக்கும் பாதுகாப்பு.

இது புதிய வழக்கம் அல்ல

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் நம் பாட்டன் பூட்டன்மார் போனபோது, ஆள் பிடித்துக் கூட்டிப்போனவர் யார்? பெரும்பாலும் சொந்த ஊர்க்காரரான கங்காணிதான். பல பேருக்கு அவர் உறவுக்காரர். நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர். அவரேதான் கடன் கொடுத்தவர், வேலை வாங்கியவர், துரையிடம் சேதி சொன்னவர். கடனைக் கட்டாதவர் தோட்டத்தை விட்டு நகர முடியாதபடி "துண்டு" என்ற சீட்டு முறை இருந்தது. இலங்கையில் 1921-ல்தான் அது ஒழிக்கப்பட்டது. கங்காணியின் பலம் எங்கே இருந்தது? பிரம்பில் மட்டும் அல்ல. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் சண்டை, யார் யாரோடு கூடிப் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதில்தான் அவருடைய பலம் இருந்தது.

கங்காணி தனி ஆள். அந்த வேலையைப் பெரிய ஸ்தாபனமாகவே நடத்திக் காட்டியவர் அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அந்த ஐந்து டாலரில் பாதி கூலி. மறுபாதி "லாபப் பங்கு". அந்தப் பங்கு எல்லோருக்கும் கிடைக்காது. ஒழுங்காக வாழ்பவர் என்று கம்பெனி ஒப்புக்கொண்டவருக்குத்தான் கிடைக்கும். அதைப் பார்ப்பதற்கென்று சமூகவியல் இலாகா என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போனார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா? குடிக்கிறாரா? பாங்கில் எவ்வளவு சேமிப்பு? உடன் வாழ்பவர் முறையாகத் திருமணம் செய்த மனைவிதானா? வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாரா? எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.

தொழிலாளியின் நன்மைக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்றார்கள். சில ஆண்டுகளில் அந்த இலாகா மறைந்தது. ஆனால் வேவு மறையவில்லை. ஹாரி பென்னட் என்பவரின் கீழ் "சர்வீஸ் இலாகா" என்று வேறு வேஷத்தில் வந்தது. சங்கத்தில் சேர்ந்தவர்களை மோப்பம் பிடிப்பதும் அடிப்பதும் அதன் வேலை. 1937 மே 26-ந் தேதி, ரூஜ் ஆலைக்கு வெளியே துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தாரைப் பத்திரிகைக்காரர்களின் கண் முன்னாலேயே அடித்து நொறுக்கினார்கள். 1941-ல்தான் போர்டு கம்பெனி சங்கத்தோடு கையெழுத்துப் போட்டது.

அன்புள்ள விசாரிப்பில் தொடங்கிய காரியம் எங்கே போய் முடிந்தது என்பதைக் கவனியுங்கள். தனி மனிதரின் கெட்ட எண்ணத்தால் மட்டும் இது நடக்கவில்லை. கூலி கொடுப்பவர் கையில் கூலி வாங்குபவரின் வீட்டு விவரம் சேரும்போது, ஒருநாள் அது கூலிக்கும் சங்கத்துக்கும் எதிராகத் திரும்பியே தீரும்.

கைபேசி என்ன சொல்லிவிடும்?

போர்டுக்கு வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. இன்றைக்கு அது தேவையில்லை. நாமே ஒரு பட்டனை அழுத்திக் கதவைத் திறந்துவிடுகிறோம்.

நட்பு அழைப்பை ஏற்றவுடன் மானேஜருக்குத் தெரிய வருவது என்ன? உங்கள் உறவினர் யார், நண்பர் யார் என்பது. கோயில் திருவிழாவில் யாரோடு நின்றீர்கள் என்பது. எந்த ஜாதி, எந்த மதம், எந்தக் கட்சி என்று ஊகிக்க வழி. யார் எழுதியதற்கு லைக் போட்டீர்கள் என்பது. உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்த நாளில் எங்கே இருந்தீர்கள் என்பது. மனைவியின் நகை எப்போது அடகுக்குப் போயிருக்கும் என்பதைக்கூடப் படங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கஷ்டத்தில் இருக்கும் தொழிலாளி எவ்வளவு குறைந்த கூலிக்கும் தலையாட்டுவார் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்த கணக்குத்தானே!

வாட்ஸ்அப்பிலும் இதேதான். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கப் போனவர் கடைசியாக எத்தனை மணிக்குக் கைபேசியைத் தொட்டார் என்று காட்டுகிறது. செய்தியைப் படித்துவிட்டால் நீலக் குறி விழுகிறது. "படித்துவிட்டுத்தானே டபுள் ஷிப்டுக்கு வரவில்லை?" என்று கேட்க அந்த நீலக் குறி போதும். ஸ்டேட்டஸில் போட்டது ஒரு நாளில் மறைந்துவிடும் என்று நினைக்கிறோம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் கையில் அது மறையாது.

இப்படி நம் பக்கம் எல்லாம் திறந்து கிடக்கிறது. மானேஜரின் பக்கத்தில் நமக்கு என்ன தெரியும்? அவர் குடும்பம் ஊட்டிக்குப் போன படம் தெரியும். போனஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று முதலாளியோடு பேசியது தெரியுமா? ஆட்குறைப்புப் பட்டியல் தெரியுமா? தெரியாது. இது ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போட்ட ஜன்னல்.

சங்கம் பிறந்த இடம்

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைக் கருதுகிறோம். பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் எங்கே கூடினார்கள்? மில்லுக்குள்ளேயா? மில்லுக்கு வெளியே பெரம்பூரில் கூடினார்கள். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முன்னின்றார்கள், வாடியா தலைவரானார். துரைமார் காதுக்கு எட்டாத இடம் ஒன்று இருந்ததால்தான், தண்ணீர் குடிக்கவும் சாப்பிடவும் நேரம் கிடைக்காத கொடுமையை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. இன்னொருவர் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்ல முடிந்தது. அந்தப் பேச்சிலிருந்துதான் சங்கம் வந்தது. அந்த ஒற்றுமை கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. 1920-ல் வாடியா முதலியோர் மீது வழக்குப் போட்டுச் சென்னை ஹைகோர்ட்டில் தடையுத்தரவே வாங்கியது. அதன் எதிரொலியாக எழுந்த கோரிக்கைதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது.

இன்றைக்கு மில் தொழிலாளர்கள் ஒரே பேட்டையில் குடியிருக்கவில்லை. கம்பெனி பஸ் நாற்பது கிலோமீட்டர் சுற்றி ஆள் ஏற்றி வருகிறது. ஒரு ஷிப்டுக்காரர் இன்னொரு ஷிப்டுக்காரரைப் பார்ப்பதே அபூர்வம். டீக்கடை பெஞ்சில் நடந்த பேச்சில் பாதி இப்போது கைபேசியில் நடக்கிறது. அந்த பெஞ்சில் மானேஜரும் வந்து உட்கார்ந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். இதுதான் நாம் சொல்லும் அபாயம். பழிவாங்கப்பட்டவர் ஒருவர் என்றால், பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் நூறு பேர்.

பெண் தொழிலாளருக்கு இரட்டைச் சுமை

பஞ்சாலைகளிலும் ஆடை ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதியினர் இளம் பெண்கள். பலர் மில் விடுதியிலேயே தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு ஆண் மேற்பார்வையாளரிடமிருந்து அழைப்பு வரும்போது சங்கடம் இரட்டிப்பாகிறது. ஏற்றால், "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி. மறுத்தால், மறுநாள் கடினமான மெஷின். வீட்டில் சொன்னால், "வேலைக்கே போக வேண்டாம்" என்று நிறுத்திவிடுவார்கள். கையில் நாலு காசு வரும் வாழ்க்கை போய்விடும். ஆகவே பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார்கள்.

சகோதரிகளே, இது நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்திருக்கிறது. கையால் தொட்டால்தான் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. விருப்பமில்லாத பேச்சும் சாடையும்கூட அதில் அடங்கும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். வந்த செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அதுவே சாட்சி.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலைப் பெண் தொழிலாளி ஒருவர் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்நின்ற தொழிற்சங்கம் போராடியது. 2022-ல் ஆலை நிர்வாகத்தோடு ஒப்பந்தம் கண்டது. பாலியல் துன்புறுத்தலைக் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களை நியமிக்கவும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதைத் தடுக்கவும் அதில் வழி செய்யப்பட்டது. மேற்பார்வையாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

வயலிலும் இதே கதைதான்

விவசாயத் தொழிலாளத் தோழர்கள், இது மில்காரர் விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூப்பிட இப்போது கைபேசிதான். மேஸ்திரி ஒரு குரூப் வைக்கிறார். நிலத்துக்காரரையும் அதில் சேர்த்துவிடுகிறார். "இந்தத் தடவை ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்போம்" என்று ஓர் அக்கா அதில் பேசி அனுப்பினால் அதை முதலில் கேட்பவர் யார்? நிலத்துக்காரர்தான். மறுநாள் காலை நீங்கள் வரப்பில் போய் நிற்கும் முன்பே பக்கத்து ஊர் ஆட்கள் சேற்றில் இறங்கியிருப்பார்கள். அன்றாடக் கூலிக்கு மெமோவும் இல்லை, விசாரணையும் இல்லை. மில் பதிலிக்கு "ஆள் போதும்" என்றால், உங்களுக்கு அந்த வார்த்தைகூடச் சொல்ல மாட்டார்கள்.

பழைய தஞ்சையில் பண்ணையாள் என்ன சாப்பிட்டார், எங்கே போனார், யாரோடு பேசினார் என்பதெல்லாம் மிராசுதாரின் காரியஸ்தருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இருந்தது. சிவப்புக் கொடியின் கீழ் சேரிகள் ஒன்றுபட்டு நின்ற பிறகுதான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்று சேரிக்குள் வராமல் தடுத்த காரியஸ்தரை இன்று கைபேசி வழியாக நாமே அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைக்கலாமா?

எதிர்வாதங்கள்

"நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள் ஒளிவு மறைவு எதற்கு?" என்று நிர்வாகம் சொல்லும். நல்லது. ஒரே குடும்பம் என்றால் மில்லின் வரவு செலவுக் கணக்கை வீட்டுக்காரர் எல்லோருக்கும் காட்டட்டும். லாபம் வந்த ஆண்டில் பந்திக்கு எல்லோரையும் கூப்பிடட்டும். அண்ணன் தம்பியை வேலைநீக்கம் செய்யும் குடும்பத்தை நாம் பார்த்ததில்லை.

"லீவு கேட்கவும், ஷிப்டு மாற்றவும் சௌகரியமாக இருக்கிறதே" என்று சில தொழிலாளர்கள் சொல்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்குச் செய்தி சொல்ல வழி வேண்டும்தான். அதற்கு மில் சார்பில் ஒரு நம்பர் இருக்கட்டும். டைம் ஆபீஸில் ஒரு கைபேசி இருக்கட்டும். வேலை சம்பந்தமான குரூப் ஒன்று இருக்கட்டும். அதில் ஷிப்டு, பஸ், லீவு தவிர வேறு எதுவும் வேண்டாம். லீவு என்பது உரிமை. மாஸ்டருக்கு நண்பராக இருப்பவருக்குக் கிடைக்கும் சலுகையாக அது ஆகிவிடக் கூடாது. நண்பராக இல்லாதவருக்கு அது மறுக்கப்பட்டால், தொழிலாளிகளுக்குள்ளேயே பிளவு வரும்.

"மாஸ்டர் என் சித்தப்பா மகன். சொந்தத்தை முறித்துக்கொள்வதா?" என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். உறவும், பால்ய சிநேகமும், ஒரே தெருவில் வளர்ந்த பழக்கமும் மில் வருவதற்கு முன்பே இருந்தவை. அவற்றை எந்த விதியும் முறிக்க முடியாது, முறிக்கவும் கூடாது. நாம் சொல்வது, மானேஜர் என்ற பதவியின் காரணமாக வரும் அழைப்பைப் பற்றித்தான்.

சட்டம் எந்தப் பக்கம்?

அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் கொடுத்த அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இது நமக்குப் பெரிய ஆயுதம்தான். ஆனால் 2023-ல் நிறைவேறிய சொந்த விவரப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதம் கேட்காமலேயே அவர் விவரங்களைப் பயன்படுத்த அது இடம் கொடுக்கிறது. நாமே பகிரங்கமாகப் போட்ட விவரத்துக்கோ அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு பல வழிகளில் நம் கையைக் கட்டுகிறது. நிலையாணை இருந்தாக வேண்டும் என்ற வரம்பு நூறு தொழிலாளர்களிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. ஆனாலும் சங்கம் சேரும் உரிமையில் தலையிடுவதும் மிரட்டுவதும் நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்ற விதி பழைய 1947 சட்டத்தில் இருந்தது போலவே அதிலும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் தொழிலாளர்கள் எதை வென்றிருக்கிறார்கள்? அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலச் சிறை இலாகாவில், மறுபடி வேலைக்கு வந்த ஊழியர் ஒருவரிடம் பேஸ்புக் சாவிச் சொல்லையே கேட்டார்கள். அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் பலனாக, முதலாளி அப்படிக் கேட்கக் கூடாது என்று 2012-ல் அந்த மாநிலம் சட்டம் செய்தது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் உணவு விடுதி, சம்பளத்தில் வரி பிடித்ததில் குளறுபடி செய்தது. அதைப் பற்றி பேஸ்புக்கில் நடந்த பேச்சுக்கு லைக் போட்டவரையும், ஒரு வரி எழுதியவரையும் 2011-ல் வேலைநீக்கம் செய்தார்கள். அது சட்ட விரோதம் என்று 2014-ல் தேசியத் தொழில் உறவு வாரியம் தீர்ப்புச் சொன்னது. 2015-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. லைக் போடுவதும் தொழிலாளர் கூடிப் பேசுவதன் ஒரு பகுதிதான் என்று ஆகிவிட்டது!

வேலை நேரத்துக்குப் பிறகு முதலாளியின் செய்திக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017-லும், ஆஸ்திரேலியாவில் 2024-லும் சட்டத்தில் இடம் பெற்றது. நம் மக்களவையிலும் 2018-ல் ஒரு தனிநபர் மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

சட்டம் வரட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில் சங்கங்கள் கீழ்க்கண்ட கோரிக்கைகளையும் வைக்க வேண்டும்.

ஒன்று: தமக்குக் கீழுள்ள தொழிலாளருக்கு மானேஜர், மாஸ்டர், மேற்பார்வையாளர் எவரும் சொந்தக் கணக்கிலிருந்து நட்பு அழைப்பு அனுப்பக் கூடாது.

இரண்டு: அழைப்பை ஏற்கவில்லை என்பதற்காக எந்தத் தொழிலாளிக்கும், பதிலிக்கும் பயிற்சியாளருக்கும் உள்பட, வேலையிலோ லீவிலோ பாதகம் செய்யக் கூடாது.

மூன்று: தொழிலாளியின் சொந்தப் பக்கத்தில் பார்த்ததை மெமோவுக்கோ விசாரணைக்கோ ஆதாரமாக வைக்கக் கூடாது.

நான்கு: வேலைச் செய்திக்கு மில் நம்பரும் நோட்டீஸ் போர்டும் போதும். ஷிப்டு முடிந்த பிறகு வரும் செய்திக்குப் பதில் சொல்லாதது குற்றம் ஆகாது.

ஐந்து: பெண் தொழிலாளருக்கு இரவில் சொந்தச் செய்தி அனுப்பும் மேற்பார்வையாளர் மீது உடனே விசாரணை வேண்டும்.

மானேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளியிடம் அன்பு காட்ட விரும்புகிறீர்களா? அதற்குக் கைபேசி வேண்டாம். டிபார்ட்மெண்டுக்குள் பஞ்சுத் தூசி குறைய வழி செய்யுங்கள். மரியாதையாகப் பேசுங்கள். கேட்ட லீவைக் கொடுங்கள். தொழிலாளி அழைப்பு அனுப்பினால், "வேலையில் இருக்கும் வரை யாரையும் சேர்ப்பதில்லை தம்பி, தப்பாக நினைக்காதே" என்று சொல்லுங்கள். அவர் உங்களை இன்னும் அதிகமாக மதிப்பார்.

நம் பக்கமும் கொஞ்சம் திருந்த வேண்டியிருக்கிறது. சங்கக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே வேலைநிறுத்தத் தேதியைப் பேசும் தோழர்கள் இருக்கிறார்கள். மானேஜரின் மனைவி மக்களைக் கேலி செய்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது வீரம் அல்ல. நிர்வாகத்தின் கையில் நாமே கொடுக்கும் தடி. உண்மை தெரியாமல் வதந்தியைப் பரப்புவதும் அப்படித்தான். முக்கியமான முடிவுகளை நேரில் கூடிப் பேசுங்கள். ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்று கைபேசியிலேயே தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. தெரியாதவர்களுக்குத் தெரிந்த இளைஞர்கள் சங்க ஆபீஸில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நம் தோழரிடம் திரும்பி வருவோம். அழைப்பு இன்னும் திரையில் நிற்கிறது. தோழரே, அதை ஏற்க வேண்டாம். நாளைக்கு மாஸ்டர் கேட்டால், "சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு சார். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் சொன்னால் அது துணிச்சல் வேண்டிய காரியம். டிபார்ட்மெண்டு முழுவதும் சொன்னால் அது சாதாரண வழக்கமாகிவிடும். அந்த வழக்கத்தை இந்த வாரமே தொடங்குங்கள்.